சித்தி ‘தெரியாது’ சொல்லப் பழகிய கதை

பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் என்னென்ன கேட்கலாம், என்னென்ன கேட்கக் கூடாது என்று எந்தக் கம்பெனியும் எழுதி ஒட்டவில்லை. அதனால் ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்பதில் ஆரம்பித்து, செருப்பு அறுந்துவிட்டது எங்கே தைக்கலாம், என் மருமகள் கோபித்துக்கொண்டு இந்தப் பக்கமாகப் போனாளா, இன்று மழை வருமா, வந்தால் எப்போது நிற்கும் என்பது வரைக்கும். என் சித்தி அத்தனைக்கும் பதில் சொல்வாள்.

“மழை வருமாம்மா?”

“நாலு மணிக்கு மேல வரும். மூணாவது பிளாட்பாரம் ஒழுகும், நாலாவதுல போய் நில்லுங்க.”

மழை வராவிட்டால் யாரும் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை. அவர்கள் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சித்தியின் பெயர் இத்தனை வருடம் கெடாமல் இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது என்பது என் கட்சி.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டின் நடு அறையில், துணி தேய்க்கும் பலகைக்கும் அப்பா கழற்றிப் போட்ட பழைய ஃப்ரிட்ஜ் கதவுகளுக்கும் இடையே அவளுடைய கட்டில். அப்பாவுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழில். காலையில் சித்தி மை நீலத்தில் கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் கோட்டைக் கழற்றுவாள், கவுண்டரைக் கழற்ற மாட்டாள். அம்மா யாரையும் கேட்காமல் வாய்விட்டு “உப்பு டப்பா எங்க போச்சு?” என்றால் போதும், குளியலறைக்குள்ளிருந்து பதில் வரும். “ரெண்டாவது தட்டுல, சர்க்கரைக்குப் பின்னாடி!” அங்கே இருக்காது. ஆனால் பதில் வந்துவிடும்.

இப்படிப்பட்டவள் சட்டக் கல்லூரிக்கு நுழைவுத்தேர்வு எழுதப் போகிறேன் என்று ஒரு நாள் அறிவித்ததற்கு ஒரு சூட்கேஸ்தான் காரணம்.

பஸ்ஸின் அடியில் வைத்த சூட்கேஸ் காணாமல் போய், ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து கேட்டாள், கம்பெனி பணம் தருமா என்று. சித்தி யோசிக்கவே இல்லை. “கண்டிப்பா தரணும். விடாதீங்க,” என்றாள். அந்த அம்மாவும் விடவில்லை. வேலைக்கு லீவு போட்டுப் போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியை யாரோ காட்டினார்களாம். ஒன்றும் கிடையாது. திரும்பி வந்தாள். சண்டைக்கு அல்ல. கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் குனிந்து, “நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சித்தி யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே உப்பு டப்பா எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். ம்ஹும். மறுநாள் தலையணை கனத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“மாலைக் கல்லூரி. டூட்டி முடிச்சுட்டுப் போகலாம். முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுப்பாங்களாம். எனக்கு இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்.”

அப்பா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “ஏம்மா, இந்த வீட்ல வாதாட ஆள் பத்தலையா? உங்க அக்கா ஒருத்தி போதாதா?”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அம்மா. “ஏண்டி, பதினேழு வயசுப் பசங்களோட போட்டி போட முடியுமா உன்னால?”

“முடியும்,” என்றாள் சித்தி. கேள்வி என்று ஒன்று வந்தால் அவளுக்குப் பதிலும் உடனே வந்துவிடும், சொன்னேன் அல்லவா.

பயிற்சி வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. படிக்கிறவர்கள் தலையில் ரப்பர் வாசனையோடு வீடு திரும்புவார்கள். நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைனஸ் மாஸ்டர். தப்பான பதிலுக்கு மார்க் கழிப்பார்கள் என்பதை அவர் ஒரு வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லையாம். அதே வகுப்பில் கொட்டாவி என்று ஒரு பையனும் இருந்தான். மாதிரித் தேர்வில் அவன் பாதிக் கேள்வியோடு தூங்கிப் போனான். சித்தி எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி, எல்லா வட்டத்தையும் கருப்பாக்கி, நேரம் மீந்து, பக்கத்திலிருந்த பெண்ணுக்குப் பென்சிலும் சீவிக் கொடுத்தாள்.

கொட்டாவி பாஸ். சித்தி ஃபெயில்.

நான் அன்று அவளைக் கூட்டிப் போக மாடிக்குப் போயிருந்தேன். நான் பத்தாவதில் கணக்கில் தவறி, மறுபடி எழுதப் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. போக வர நேரம் நிறைய இருந்தது. ஃபெயில் என்ற சொல்லை வேறு ஒருவரைப் பார்த்து யாரோ சொல்வதைக் கேட்க எனக்கு முதலில் குஷியாகத்தான் இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“மேடம், தெரிஞ்ச கேள்விக்கெல்லாம் நல்லா மார்க் வாங்குறீங்க,” என்றார் மாஸ்டர். “அப்புறம் தெரியாத கேள்விக்கும் எழுதி, வாங்கினதை அப்படியே திருப்பிக் குடுத்துடுறீங்க. தெரியலைன்னா வட்டத்தைச் சும்மா விடுங்க.”

“சும்மா விட்டா அவங்க என்ன நினைப்பாங்க?”

“யாரு?”

“கேள்வி கேட்டவங்க.”

“யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க மேடம். அதைத் திருத்துறது மெஷின்.”

“மெஷினா இருந்தாலும்…” என்று இழுத்தாள் சித்தி.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“இது என்ன?” என்று அவர் விடைத்தாளின் ஓரத்தைக் காட்டினார். ஒருவன் ஆடு இன்னொருவன் தோட்டத்தில் மேய்ந்துவிட்டது, நஷ்டம் யார் தலையில் என்று கேள்வி. நான்கு பதில் கொடுத்திருந்தார்கள். சித்தி அதில் ஒன்றைக் கருப்பாக்கியதோடு நிற்காமல், ஓரத்தில் ‘இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது, வேலி எட்டாம் தெருவில் மலிவாகக் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளே சொன்னாள். “எனக்கு விஷயம் தெரியாம இல்லடி. தெரியாதுன்னு சொல்லத்தான் வரலை. நீதான் எப்பவும் உருப்படாத கேள்வியா கேப்பியே. கேளு. நான் தெரியாதுன்னு சொல்லிப் பழகறேன்.”

இதுவரை எனக்கு யாரும் இவ்வளவு பொருத்தமான வேலை கொடுத்ததில்லை. அன்றே தொடங்கினேன்.

“சித்தி, அடுத்த தெரு தையல்காரர் ஏன் மீசையை எடுத்துட்டார்?”

“புது முதலாளிக்கு மீசை பிடிக்கலை.”

“யார் சொன்னா?”

“யாராவது சொல்லணுமா? அதுவாத்தானே இருக்கும்.”

“சித்தி! தெரியாதுன்னு சொல்லணும்.”

“தெரி…” என்று ஆரம்பித்தாள். தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்பா அவள் படும் பாட்டைப் பார்த்து மனம் இளகிவிட்டார். “எடுத்த எடுப்புல தெரியாது வராதும்மா. முதல்ல ‘பார்த்துட்டுச் சொல்றேன்’னு சொல்லிப் பழகு. நான் அப்படித்தான் பிழைக்கிறேன். உங்க அக்காகிட்டயும் இருபது வருஷமா அதான் சொல்றேன்.”

“இதுவரைக்கும் ஒண்ணைக்கூடப் பார்க்கவும் இல்ல, சொல்லவும் இல்ல,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

கவுண்டரில் ஒரு தொலைபேசி உண்டு. விதவிதமான குரலில் அதில் சித்தியை அழைப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. ஒருமுறை சர்க்கஸ்காரன் குரலில், ஒட்டகச்சிவிங்கிக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று கேட்டேன். “கழுத்து ஜன்னலுக்கு வெளியே வந்தா லக்கேஜ் சார்ஜ் தனி,” என்று பதில் சொல்லிவிட்டுத்தான், “வீட்டுக்கு வர்றேன், இருக்கு உனக்கு,” என்றாள். இப்போது அதே பொழுதுபோக்கு பாடத்திட்டமாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் குரல் வைத்திருந்தேன், அதுதான் என் சிறந்த குரல். அதில் கூப்பிட்டு, “ஏம்மா, உங்க பஸ் டயர்ல இருக்கிற காத்து எந்த ஊர்க் காத்து?” என்பேன். முதல் வாரம் ஊர் பெயர் சொன்னாள். இரண்டாவது வாரம் பெருமூச்சு விட்டாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், மெதுவாக, திருடுகிற மாதிரி, “தெரியாது,” என்றாள். நான் இந்தப் பக்கம் கை தட்டினேன்.

அதன்பின் தைரியம் வந்துவிட்டது. நிஜப் பயணிகளிடமும் சொல்லிப் பார்த்தாள். மழை வருமா என்று கேட்ட பெண்மணியிடம் “தெரியாதும்மா,” என்றாளாம். அந்தப் பெண்மணி நகராமல் நின்று, “அப்போ ஏதாவது பெரிசா வரப்போகுதா?” என்று பயந்துபோய்க் கேட்டாளாம். டயர் கடை மாடியிலும் வட்டங்கள் காலியாகத் தொடங்கின. மார்க் ஏறத் தொடங்கியது. மாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தி, விட்டுவிடுவது எப்படி என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார். கொட்டாவிகூடக் கண்ணைத் திறந்து பார்த்தானாம்.

தேர்வுக்கு முந்தின வாரம்தான் கம்பெனி மேனேஜருக்கு ஜலதோஷம் பிடித்தது.

அவர் பேருந்து நிலையத்து மாடியில் இருப்பவர். பொதுவாகக் கீழே வரவும் மாட்டார், அழைக்கவும் மாட்டார். அன்றைக்கென்று கவுண்டருக்கு அழைத்து, மூக்கால், “ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எத்தனை ஸ்பெஷல் பஸ் தேவைப்படும்?” என்று கேட்டிருக்கிறார்.

“தெரியாது!” என்றாள் சித்தி உற்சாகமாக.

“என்னது?”

“தெரியாதுன்னா தெரியாதுதான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா நீ பெரிய ஆளா? போய்க் கணக்குப் போடு, கழுதை.”

அந்த நேரத்தில் நான் வீட்டில் உண்மையாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று வரை யாரும் நம்பவில்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குச் சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். “சாட்சி வேணும்ல,” என்றாள். வக்கீல் புத்தி அப்போதே வர ஆரம்பித்துவிட்டது. மேஜை மேல் கைக்குட்டைகள் மலையாகக் கிடந்தன. சித்தி நடந்ததையெல்லாம் சொல்லி, “இவ குரல்னு நினைச்சுட்டேன் சார். பேசிக் காட்டுடி,” என்றாள்.

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, உங்க பஸ் டயர்ல இருக்கிற காத்து…” என்று பேசிக் காட்டினேன்.

மேனேஜர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். “என் குரல் இப்படியா இருக்கு?”

இதற்கு என்ன சொன்னாலும் வம்பு. நான் மூக்கிலிருந்து கையை எடுக்காமலே நின்றேன்.

“போகட்டும்,” என்றார். “ஞாயித்துக்கிழமை கூட்டம் நெரியும். கவுண்டர்ல நீதான் உட்காரணும்.”

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், அன்னைக்குத்தான் எனக்குப் பரீட்சை. முன்னாடியே லீவு கேட்டு நீங்களே சரின்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அப்போ கூட்டம் இல்ல. இப்போ கவுண்டர்ல யார் உட்காருவா? நீயே சொல்லு.”

இந்தக் கேள்விக்குள் என்ன பொறி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் எல்லோரும் எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் இவனுக்குப் போன் பண்ணி, அவளிடம் கெஞ்சி, ஒருவரும் கிடைக்காவிட்டால் கடைசியில் தானே போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். ‘நானே பார்த்துக்கறேன் சார்’ என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அது வெளியே விழுந்தால் முப்பத்தைந்து வயதும் அதோடு முடிந்தது, வழிகாட்டிப் புத்தகத்தை நிஜமாகவே தலையணையாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அவள் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன்.

சித்தி வாயை மூடினாள்.

“தெரியாது சார்.”

மேனேஜர் காத்திருந்தார். அவளிடமிருந்து மீதி வரும் என்று நினைத்தார் போல. மின்விசிறி கைக்குட்டை ஒன்றைத் தள்ளி விட்டது.

“தெரியாதுன்னா?”

“தெரியாது சார். மேனேஜர் நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

அவர் தும்மினார். கூரையைப் பார்த்தார். மேஜையின் இழுப்பறையைத் திறந்து மூடினார். இந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பி வரும் என்று அவர் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார். கடைசியில், “லக்கேஜ் ரூம்காரனை உட்கார வைக்கிறேன். அவன் வாயே திறக்க மாட்டான்,” என்றார் சோகமாக.

“ஒரு நாள்தானே சார். ஜனங்க தாங்கிப்பாங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது சித்தி கைப்பிடியை விடவில்லை. “கால் நடுங்குதுடி,” என்றாள்.

“வயசாயிடுச்சுல்ல,” என்று சொல்லித் தோளைக் கொடுத்தேன். மாடியிலிருந்து கீழே வரும்வரை அவள் முழு பாரமும் என் மேல்தான். ஆள் பார்க்கத்தான் ஒல்லி.

தேர்வு நாளன்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள் அதிகமாகப் பயந்து நின்றார்கள். ஒரு அப்பா என்னைக் காட்டிச் சித்தியிடம், “உங்க பொண்ணுக்கு எந்த ரூம்?” என்றார்.

“ஐயோ, இவளா? இவ துணைக்கு வந்திருக்கா. எழுதறது நான்,” என்றாள் சித்தி. அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, பதினான்காம் எண் அறை எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் “வேண்டாம் சித்தி” என்பதற்குள் சொல்லிவிட்டாள். அது அங்கே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சொன்ன சரியான பதில்தான், ஆனால் வினை அதிலேதான் வந்தது. அடுத்தவர் கழிப்பறை கேட்டார். அதற்கடுத்தவர் தண்ணீர் பாட்டில் உள்ளே விடுவார்களா என்றார். திரும்பிப் பார்த்தால் அவளுக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கோட்டு இல்லாமல், கண்ணாடி இல்லாமல், நட்ட நடு வாசலில் கவுண்டர் திறந்துவிட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லோரும் ஓடினார்கள். சித்தி ஒரு அம்மாவுக்குத் திரும்பிப் போக வேண்டிய பஸ் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கவுண்டர் குளோஸ்!” என்று கத்தி, முதுகில் கை வைத்து வாசலுக்குள் தள்ளினேன்.

வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “பதினோரு வட்டம் காலியா விட்டுட்டேன். வீட்டைத் திறந்து போட்டுட்டு வந்த மாதிரியே இருக்கு,” என்றாள். பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பதினொன்றுக்கும் வரிசையாக எனக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு மூச்சு சீரானது.

முதல் பட்டியல் வந்தது. அவள் எண் இல்லை.

“பரவால்ல,” என்றாள். ஏற்கெனவே தேய்த்திருந்த கோட்டை எடுத்து மறுபடி தேய்த்தாள். அப்பா ஃப்ரிட்ஜ் கதவை ஓசைப்படாமல் நகர்த்தினார். அம்மா உப்பு டப்பாவைத் தானே தேடி எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்காமல் நாட்கள் போனது அப்போதுதான். நானும் கவுண்டருக்கு அழைக்கவில்லை. குரல் ஒன்றும் சரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவின் போனில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் தண்ணீர் விடுகிறது என்று கூப்பிட்டவர்களையெல்லாம் கட் பண்ணினேன். முதல் பட்டியலில் இடம் கிடைத்தவர்கள் சிலர் சேராமல் போனால் இரண்டாவது பட்டியல் போடுவார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். போட்டார்கள். பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அப்புறம் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

கவுண்டரில் கூட்டம். வரிசையில் புகுந்தால் அடிப்பார்கள் போலிருந்தது, ஒழுங்காக நின்றேன். என் முறை வந்தது.

“வரிசையில நின்னா வந்தே? உடம்பு சரியில்லையா?” என்றாள் சித்தி ஓட்டை வழியே.

“சித்தி, ரெண்டாவது லிஸ்ட் வந்துடுச்சு. உன் நம்பர் இருக்கு.”

அவள் முகம் இறுகியது. “இந்த விஷயத்துல மட்டும் விளையாடாதடி. சொல்லிட்டேன்.”

“சத்தியமா சித்தி.”

“உன் சத்தியத்தை எத்தனை தடவை கேட்டிருக்கேன்.”

என்மேல் தப்பில்லை என்று சொல்லவும் முடியாது. போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். வெளிச்சம் அடித்தது, சாய்த்துக் காட்டினேன். சித்தி அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் கண்ணாடி மேல் வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தன் எண்ணுக்கு வந்ததும் விரலை எடுக்கவில்லை.

“என்னம்மா இது, குடும்பக் கதையெல்லாம் வீட்ல போய்ப் பேசக் கூடாதா?” என்றார் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர். கையில் கனத்த பை. “பெரியாஸ்பத்திரி வழியா போற பஸ் எதும்மா?”

“ஆறாவது பிளாட்பாரம் சார்,” என்றாள் சித்தி. அப்படி ஒரு சிரிப்போடு அவள் யாருக்கும் பிளாட்பாரம் சொல்லி நான் பார்த்ததில்லை. கன்னத்தில் வழிந்ததைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவர் போய்விட்டார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பெரியாஸ்பத்திரி பஸ் கிளம்புவது இரண்டாவதிலிருந்து. ஆறாவதில் நிற்பது கழுவுவதற்குப் போகிற பஸ்.

ஓடினேன். அவர் அதற்குள் ஏறி, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் இவ்வளவு காலியாக இருப்பதை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். தட்டி நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, கீழே இறக்கினேன்.

“எந்த முட்டாளம்மா அந்தக் கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிறது?”

“முட்டாள் இல்ல தாத்தா. எங்க சித்தி. வக்கீலுக்குப் படிக்கப் போறாங்க.”

“உருப்பட்டுடும்!” என்றார். இரண்டாவது பிளாட்பாரம் வரை திட்டிக்கொண்டே வந்தார். நான் அவருடைய பையைத் தலையில் வைத்துக்கொண்டு, மாறிப்போன செருப்போடு, பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.